தீவட்டி ஏரியில் மீன் குத்துவது

முட்டையிடக் கரைக்கு வரும் மீனை ஈட்டியால் குத்துவது இனத்தையே அழிக்கும் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் ஏரிகளில் ஓஜிப்வே என்ற பூர்வகுடி மக்கள் செய்வதைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

பனி உருகியதும் 'வால்ஐ' மீன்கள் கல் நிறைந்த கரையோரத்துக்கு வரும். இரவில் வெளிச்சம் பட்டால் அவற்றின் கண் பூனைக்கண் போல மின்னும். அதுதான் குறி. அந்தக் காலத்தில் தீவட்டி, இப்போது தலைவிளக்கு. தீவட்டி வெளிச்சத்தைப் பார்த்த பிரெஞ்சு வணிகர்கள் ஓர் ஊருக்கே 'தீவட்டி ஏரி' என்று பெயர் வைத்தார்கள்: லாக் டு ஃப்ளாம்போ. மீன் தெரிகிற இடத்தில் குத்தினால் கிடைக்காது, சற்றுக் கீழே குத்த வேண்டும். (சைக்கிள் கம்பியைத் தீட்டி விரால் குத்தப் போய் ஒன்றுகூட மாட்டாமல் திரும்பியவன் நான்.)

1837, 1842இல் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோதும் மீன்பிடி உரிமையை ஓஜிப்வே மக்கள் விடவில்லை. 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறமும் படகுத்துறைகளில் எதிர்ப்பாளர் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, வசைபாடியது. இத்தனைக்கும் ஒவ்வோர் ஏரியிலும் இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று வரம்பு உண்டு. பிடித்துக் கரைக்குக் கொண்டுவரும் மீனை அன்றிரவே எண்ணுகிறார்கள், பெரிய மீனுக்குத் தனிக் கட்டுப்பாடு. பிடிபடுவதில் பெரும்பாலானவை ஆண் மீன்கள். மாநிலம் முழுக்கத் தூண்டில்காரர்கள் எடுப்பது இதைவிடப் பல மடங்கு. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தையும் காணோமே?