நாங்கள் கடலுக்குள் போய் வீடு கட்டவில்லை

எங்கள் மீனவ ஊரில் கடல் வீட்டுக்குள் புகுந்ததைக் காட்டும் வீடியோ ஒன்று சுற்றுகிறது. அதற்குக் கீழே வந்த கமெண்டைச் சொல்கிறேன். அடுக்களைக்குள் உப்புத்தண்ணீர் நிற்கிறது, ஒருவர் வந்து "கடலுக்குள்ள போய் வீடு கட்டினா இப்படித்தான்" என்று எழுதுகிறார், அதற்கு லைக் மேல் லைக். ரெண்டு நாளாக மனசு ஆறவில்லை.

நாங்கள் கடலுக்குள் போகவில்லை. பாட்டா வீடு கட்டியபோது முன்னால் கரைமடி வலையைக் கரையில் நின்று இழுக்கிற அளவுக்கு மணல் கிடந்தது. அதற்கு மேலே வள்ளங்கள், அதற்கும் மேலே நெத்திலி காயும், அப்புறம் தென்னை, அப்புறம்தான் வீடு. ஆனி ஆடியில் கடல் மணலை எடுக்கும், பிறகு திருப்பிப் போடும். அதற்குத் தக்கபடி வள்ளத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள்.

அப்புறம் கல் வந்தது. கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் கரையோர நீரோட்டத்தில் வரும் மணல் ஒரு பக்கம் தங்கிவிடும், மறுபக்கத்துக்கு வரவேண்டியது வராது, அங்கே கடல் அரிக்கும். அந்த ஊர்க்காரர்கள் எங்களுக்கும் போடு என்று ரோட்டில் உட்காருவார்கள், அங்கேயும் போடுவார்கள், அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். அப்படி வந்த அரிப்புதான் எங்கள் ஊரில் நிற்கிறது. இப்போது கரைமடி இழுக்கக் கால் வைக்க இடமில்லை, எங்கும் கல்.

"கல் கேட்டது நீங்கள்தானே" என்பீர்கள். ஆமாம், கேட்டோம். சுவர் விழுகிற நேரத்தில் வேறென்ன கேட்பது? மணல் எங்கே போகும் என்று பார்த்து மொத்தக் கரைக்கும் சேர்த்துத் திட்டம் போடுவது வலை இழுக்கிறவன் வேலையா?

"சுனாமிக்குப் பிறகு உள்ளே வீடு கொடுத்தார்களே." கொடுத்தார்கள், போனவர்களும் உண்டு. அங்கிருந்து கடல் தெரியாது. தெரியாத கடலில் எப்படி இறங்குவது? காற்றும் மழையும் இல்லாத நாளில், எங்கோ தென்கோடிக் கடலில் கிளம்பிய அலை திடீரென்று கரையேறுவதற்குக் கள்ளக்கடல் என்று பேர் வைத்ததே கரையில் இருந்து பார்த்த நம்ம ஆட்கள்தான். ஹைதராபாத்தில் இருக்கும், கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம்கூட இன்று அந்தப் பேரில்தான் எச்சரிக்கை விடுகிறது.

2017 நவம்பரில் ஓகி புயல் அடித்தபோதும் "புயல்ல எதுக்குப் போனீங்க" என்று கேட்டார்கள். எச்சரிக்கை வரும்போது ஆழ்கடலுக்குப் போனவர்கள் கிளம்பி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. எங்கள் சித்தப்பா அதில் ஒருவர். அவர் திரும்பவில்லை. எப்போதும் கேள்வி எங்களிடம்தான் வருகிறது, ஏன் போனாய், ஏன் இருக்கிறாய் என்று.

இந்த முறை தண்ணீர் வாசல்படி ஏறினதும் தம்பி உரச்சாக்கில் மணல் நிரப்பிக் கதவில் அடுக்கினான். அது அடியில் ஊறி உள்ளே வந்தது. அம்மா முதலில் சித்தப்பாவின் போட்டோவைக் கழற்றிப் பரணில் வைத்தாள். அரிசிச் சாக்கைத் தூக்கப் போனபோது அடி நனைந்திருந்தது.