எண் ஒன்றானாலும் பேரிங் ஒன்றல்ல

மலை மிதிவண்டியின் சஸ்பென்ஷன் (அதிர்வைத் தாங்கும் அமைப்பு) இணைப்பில் தேய்ந்த பேரிங்கின் (உள், வெளி வளையங்களுக்கு இடையே குண்டுகள் உருளும் தாங்கி) எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள எதையும் வாங்கிச் சுத்தியலால் தட்டி ஏற்றிவிடலாம் என்ற யோசனை திருத்தப்பட வேண்டியது. அந்த எண் முதன்மையாக அளவைத்தான் சொல்கிறது: 6902 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 28 மி.மீ., அகலம் 7 மி.மீ. உள்ளே எத்தனை குண்டுகள் உள்ளன என்பது அதில் தெரியாது. சக்கரத்தின் பேரிங் முழுச் சுற்றாகச் சுழலும். சஸ்பென்ஷன் இணைப்பில் இருப்பதோ சிறு கோணத்துக்குள்ளேயே முன்னும் பின்னும் அசைந்தபடி, ஒவ்வொரு குதிப்பின் அதிர்வையும் ஏறத்தாழ அதே இடத்தில் தாங்குகிறது. அதனால்தான் பல மலை மிதிவண்டிகளில், குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு இல்லாமல், அந்த இடத்திலும் குண்டுகளே நிரப்பப்பட்ட வகை பொருத்தப்படுகிறது. அதற்குப் பதிலாகச் சாதாரண வகையைப் போட்டால் அளவு பொருந்தும், ஆயுள் குறையும்.

சுத்தியல் யோசனை இதைவிட மோசமானது. ஏற்றும்போது விசை வெளி வளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகளின் வழியே சென்று அவை உருளும் ஓடுபாதையில் பள்ளம் விழச் செய்யும், கோணலாக நுழைந்தாலோ மிதிவண்டிச் சட்டத்தின் (ஃபிரேம்) துளையே கெட்டுவிடும். மரையிட்ட நீண்ட கம்பி, இரண்டு நட்டுகள், வெளி வளையத்தைவிடச் சற்றே சிறிய விட்டமுள்ள சாக்கெட் (நட்டு திருகும் குழல் வடிவக் கருவி) ஆகியவை இருந்தால், மறுபுறம் சட்டத்துக்கு முட்டுக்கொடுத்து, வீட்டிலேயே நேராக இழுத்து ஏற்றலாம். பழையதைக் கழற்றும்போது உள் வளையத்தைத் தள்ளுவதில் தவறில்லை, எப்படியும் எறியப்போவதுதானே.