கட்டண உயர்வை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்

நேற்று ஒரு நண்பர், தன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பப்போகும் கடிதத்தைக் காட்டி, "சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். முதல் பத்தியில் நன்றி, அடுத்ததில் விலைவாசி, அதற்கடுத்து தன் உழைப்பு, பிறகு மன்னிப்பு. புதுக் கட்டணம் எவ்வளவு என்பது கடைசி வரியில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய கடிதமும் அச்சு அசல் இப்படித்தான் இருந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

இணையதளங்களைப் பராமரித்துக் கொடுப்பது என் தொழில். கேட்கக் கூச்சப்பட்டு ஐந்து வருடம் ஒரே மாதக் கட்டணத்தில் ஓட்டினேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், அன்று 100 கொடுத்து வாங்கியதை ஐந்தாண்டு கழித்து வாங்க 134 வேண்டும். அதாவது கட்டணத்தைத் தொடாமல் வைத்திருந்த நான், வருடா வருடம் என் சம்பளத்தை நானே வெட்டிக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் போனபோது ஒரேயடியாக 35 சதவீதம் ஏற்றி, பக்கம் நிறையச் சமாதானம் எழுதி அனுப்பினேன். நீண்டநாள் வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார்.

"ஏத்துறதுல எனக்கு ஒண்ணுமில்லங்க. ஆனா இப்படிச் சுத்தி வளைச்சு எழுதியிருக்கீங்களே, எதையோ மறைக்கிற மாதிரி இருக்கு. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா நான் கேள்வியே கேட்டிருக்க மாட்டேன்."

அவர் சொன்ன இரண்டுமே சரி.

காரணமே சொல்லாதே, உன் விலை உன் உரிமை என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் காலை, ஒரு கடை பனி அள்ளும் வாரியின் விலையை ஏற்றுகிறது, இது நியாயமா? 82 சதவீதம் பேர் நியாயமில்லை என்றார்கள். ஆனால் கடைக்காரரின் செலவே கூடியதால் விலை ஏறினால், பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, மனிதர்கள் தொகையை மட்டும் பார்ப்பதில்லை, தங்கள் அவசரத்தை நாம் பயன்படுத்திக்கொள்கிறோமா என்றும் பார்க்கிறார்கள். உண்மையான காரணம் ஒன்று, ஒரே வரியில் போதும். இணையதளம் இயங்கும் கணினியான சர்வரின் வாடகை கூடியிருந்தால் அதைச் சொல்லுங்கள். கூடாத செலவைக் கூடியதாக எழுதாதீர்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இதில் அடி விழுந்திருக்கிறது. 2011 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ், அமெரிக்காவில் டிவிடி சேவையையும் இணைய ஒளிபரப்பையும் தனித்தனியாகப் பிரித்தது. இரண்டும் வேண்டும் என்றவர்களுக்குச் சுமார் 60 சதவீத உயர்வு. அந்தக் காலாண்டில் மட்டும் ஏறக்குறைய 8 லட்சம் சந்தாதாரர்கள் போய்விட்டார்கள். அதை அறிவித்த விதத்தில் மரியாதையும் பணிவும் இல்லை என்று பலர் உணர்ந்ததாக, அப்போது அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸே பிறகு ஒப்புக்கொண்டார்.

"எல்லாரும் போயிட்டா?" என்று நண்பர் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரே கட்டணம் கொடுக்கும் 100 பேர் இருந்து, 25 சதவீதம் ஏற்றி, 20 பேர் விலகினாலும் வருமானம் முன்பு போலவேதான். வேலை மட்டும் 80 பேருக்கு. ஆனால் மொத்த வருமானமும் இரண்டே பேரிடமிருந்து வருகிறதென்றால் இந்தக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். அவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள்.

இப்போது நான் அனுப்புவது இவ்வளவுதான்: "அடுத்த காலாண்டின் முதல் தேதியிலிருந்து உங்கள் மாதக் கட்டணம் இவ்வளவிலிருந்து இவ்வளவாகிறது. சர்வர் வாடகையும் பாதுகாப்பு மென்பொருளின் சந்தாவும் கூடியதே காரணம். ஏற்கனவே ஒப்புக்கொண்ட வேலைகளுக்குப் பழைய கட்டணமே. பேச வேண்டுமென்றால் அழையுங்கள்." குறைந்தது 60 நாள் முன்பே போய்விடும். வருட ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு, ஒப்பந்தம் முடியும்வரை மாற்றமில்லை. நீண்டநாள் வாடிக்கையாளர்களுக்கு எழுத்து போகும் முன் போன் போகும். பில்லைப் பார்த்துத்தான் ஒருவருக்கு விலை ஏறியது தெரிகிறது என்றால், அது அவரை அவமதிப்பது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

மன்னிப்புக் கேட்பதையும் விட்டுவிட்டேன். தவறு செய்தால் கேட்கலாம். இது தவறில்லை.

கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்கு வேலையைக் குறைத்துத் தருகிறேன். வாரம் ஒருமுறை செய்த புதுப்பிப்பை மாதம் ஒருமுறையாக்கினால் பழைய தொகைக்குள் அடங்கும். அதே வேலையைப் பழைய விலைக்குச் செய்து கொடுத்தால், மறுபேச்சில்லாமல் புதுக் கட்டணம் கொடுத்தவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அந்த முதல் முறை இரண்டு பேர் விலகினார்கள். கடவுச்சொற்கள், முழு பேக்கப், டொமைன் என்னும் இணைய முகவரியைப் புதுப்பிக்க வேண்டிய தேதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுக் கொடுத்தேன். என் இடத்தில் அந்த வேலையைப் புதிதாக எடுத்துச் செய்பவருக்குச் சந்தேகம் வந்தால் என்னையே கேட்கச் சொன்னேன். அதில் ஒருவர் இரண்டு முறை கேட்டார். சொல்லிக்கொடுத்தேன்.