என் மகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சனிக்கிழமை நடந்ததை அந்த அரங்கில் இருந்தவர்கள் இந்நேரம் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்று நாள் பொறுத்தேன். இனி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தகவல் தொடர்பில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, முகமும் உடலும் 55 என்று மேடையில் பேசியவர் திரையில் போட்டுக் காட்டினார். தொடர்பியல் என்ற கல்லூரிப் பாடத்தை, அதாவது மனிதர்களோடு பேசக் கற்றுத்தரும் பாடத்தை, இணையவழியில் படிக்கும் என் மகள் கையை உயர்த்தி, அனுமதி கேட்டு எழுந்து, "அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை" என்றாள். பதினைந்து வயதுப் பெண். குரல் நடுங்கியது, மரியாதை குறையவில்லை. "பேசக் கற்றுக்கொள்ளவே கல்லூரிப் பாடம் படிக்கும் பெண் நீதானா?" என்று அவர் கேட்டார். அரங்கம் சிரித்தது. அவளைத் தூக்கி வளர்த்தவர்களும் சிரித்தார்கள்.

அவள் சொன்னது சரி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து கிளம்பிய எண்கள் அவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் ஒலிக்கவிட்டார்கள், முகப் படங்களைக் காட்டினார்கள், பேசுபவருக்கு இருப்பது விருப்பமா வெறுப்பா என்று கேட்டார்கள். சொல் ஒன்று சொல்ல, தொனியும் முகமும் வேறொன்று சொன்னால் கேட்பவர் எதை நம்புவார் என்பதற்கான விடை அது. உணர்வையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று மெஹ்ராபியனே விளக்கம் எழுதியிருக்கிறார். இதை என் மகள் அந்தப் பாடத்தின் நான்காவது வாரத்தில் படித்தாள். மேடையில் நின்றவர் படிக்கவில்லை. சிரிப்பு யார் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்?

பேசுவதற்கு ஒரு பாடமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆமாம், பேசுவதற்கும் ஒரு பாடம்தான். 1914இல் அமெரிக்க ஆங்கில ஆசிரியர் சங்கத்திலிருந்து பதினேழு பேர் வெளியேறி, பேச்சைத் தனித் துறையாகக் கற்பிக்க வேண்டும் என்று தனிச் சங்கம் கண்டார்கள். இன்று கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற வாய்மொழித் தொடர்புப் பாடம் கட்டாயம். நம் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டே சமூகக் கல்லூரியில், அதாவது உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியில், இதை இணையவழியில் படிக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கல்லூரித் தரத்தில் எழுதும் ஏபி தேர்வுகளின் நீண்ட பட்டியலில் இதற்கென்று ஒரு தேர்வு கிடையாது. நம்மவர்கள் கண்ணில் இது படாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தேர்வு இல்லையென்றால் நமக்கு அது படிப்பே இல்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். தொலைத்தொடர்புப் பொறியாளன். தகவல் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட கிளாட் ஷானன் 1948இல் எழுதிய கட்டுரையின் சூத்திரங்களை மதுரையில் படித்த காலத்தில் தூக்கத்திலும் எழுதுவேன். இந்தக் கோடையில் மகளோடு உட்கார்ந்தபோதுதான் அதன் இரண்டாவது பத்தியைச் சரியாகப் படித்தேன். செய்தியின் பொருள் என்ன என்பது பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று ஷானன் அங்கேயே ஒதுக்கிவைத்துவிடுகிறார். செய்தியைக் குலைப்பதை இரைச்சல் என்பார்கள். அவருக்கு அது கம்பியில் வருவது. மகளின் பாடத்தில் இன்னொரு இரைச்சல் உண்டு. ஒரே சொல்லைச் சொல்பவர் ஒரு பொருளில் சொல்ல, கேட்பவர் வேறு பொருளில் வாங்கிக்கொள்வது.

அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் எழுந்து வெளியே போனேன். அவளுக்குக் காரணம் தெரியாது. 2011இல் அப்பா மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். நான் இங்கே அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் கேட்டேன். "ஸ்டேபிளாக இருக்கிறார்" என்றார் மருத்துவர். தேறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். டிக்கெட்டை நான்கு நாள் தள்ளிப் போட்டேன். இரண்டாம் நாள் இரவு அப்பா போய்விட்டார். மருத்துவர் பொய் சொல்லவில்லை. இப்போதைக்கு மேலும் மோசமாகவில்லை என்பதுதான் அவர் சொன்னது. "அப்படியென்றால் என்ன டாக்டர், நான் உடனே கிளம்பவா?" என்று திருப்பிக் கேட்க எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. சொல்லுக்கு ஏழு சதவீதம்தான் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

இதற்கெல்லாம் பாடம் எதற்கு, வள்ளுவரே சொல்லிவிட்டாரே என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். சொல்லியிருக்கிறார் அண்ணா. சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று தனித்தனி அதிகாரங்கள். குறிப்பறிதல் என்ற தலைப்பு பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று என இரண்டு முறை வருகிறது. சொல்லில் வராததைப் படிப்பதற்கு இரண்டு அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்றால், அது தானாக வந்துவிடும் என்று அவர் நினைக்கவில்லை என்றுதானே பொருள்? அந்தக் குறள்களை மனப்பாடமாக ஒப்பிக்கவைத்துப் பரிசு கொடுக்கிறோம். அவையில் அஞ்சாமல் எழுந்த ஒரு குழந்தையைச் சிரித்து உட்காரவைக்கிறோம்.

மனிதர்களோடு பேசுவதைக் கணினித் திரையில் எப்படிக் கற்க முடியும் என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே அறையில் இருபது பேர் முகம் பார்த்துக் கற்பதற்கு இது ஈடில்லை. ஆனால் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் இந்தப் பாடம் இல்லையே, என்ன செய்ய? கால்குலஸ் எடுத்திருக்கலாமே என்பவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. அதையும் அவள் எடுக்கிறாள்.

இணைய வகுப்பென்றாலும் உரையை ஆட்கள் முன்னால்தான் நிகழ்த்த வேண்டும். குறைந்தது ஆறு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பது பதிவில் தெரிய வேண்டும் என்பது விதி. முதல் உரைக்குப் பக்கத்து வீட்டார் வந்தார்கள். 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த ஏவியாங்கா 52 விமானத்தைப் பற்றிப் பேசினாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் வட்டமிடவைக்கப்பட்ட விமானம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று துணை விமானி கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். ஆனால் 'எமர்ஜென்சி' என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். "உங்களைவிடப் பெரியவர் என்று நீங்கள் நினைப்பவரிடம் தவறைத் தவறு என்று சொல்லும் சொல் உங்கள் வாயில் இருக்கிறதா?" என்று கேட்டு முடித்தாள். சனிக்கிழமை அரங்கில் அவள் எழுந்து நின்றது அதனால்தான். அதை அங்கே யாரும் அறியவில்லை, நானும் மேடை ஏறிச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பைவிட அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அன்றிலிருந்து அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. பாடத்தை விட்டுவிடட்டுமா அப்பா என்று நேற்று கேட்டாள். கூடாது என்றேன். இரண்டாவது உரைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம் என்கிறாள். ஆனால் ஆறு பேர் வேண்டும். வரும் ஞாயிறு மாலை நான்கு மணி, எங்கள் வீட்டுக் கூடம். சனிக்கிழமை சிரித்தவர்களும் வரலாம். வந்து கேளுங்கள்.