நெட் வீண் இல்லை

"இனிமேல் பிஎச்டி இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆகவே முடியாது, நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுவது வீண்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அது பழைய கதை. எம்.ஏ. முடிக்கிற பிள்ளைகள் இதை நம்பிப் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையில், பல்கலைக்கழகத் துறைகளுக்கு 2021 ஜூலை முதல் பிஎச்டி கட்டாயம் என்று இருந்தது உண்மை. கல்லூரிகளுக்கு அப்போதும் நெட் அல்லது செட் (மாநில அளவிலான தகுதித் தேர்வு) போதும். கொரோனாவால் அந்தத் தேதி 2023 ஜூலைக்குத் தள்ளிப்போனது. அப்புறம் 2023 ஜூன் 30 அன்று வந்த திருத்தத்தில் அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். நேரடி நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் (இதுவும் மாநிலத் தேர்வுதான்) இவற்றில் ஒன்றுதான் குறைந்தபட்சத் தகுதி.

ஆனால் தகுதி வேறு, நேர்காணலுக்கு அழைப்பு வருவது வேறு. அதே 2018 விதிமுறையின் மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள்: பல்கலைக்கழகப் பணிக்கு விண்ணப்பங்களை வடிகட்டும்போது பிஎச்டிக்கு 30 மதிப்பெண், வெறும் நெட்டுக்கு 5, நெட்டோடு ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) இருந்தால் 7. நண்பர் பயப்படுவதற்குக் காரணம் இதுவாக இருந்தால், சரி, அதில் நியாயம் உண்டு.

இன்னொன்று. 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. "பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்" என்ற பிரிவில் வந்தவர்கள் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறவில்லை. சான்றிதழில் அந்த வரியைப் படிக்காமல் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், பாவம்.