ஒரு பலகைக்கு இவ்வளவு எரிச்சலா?

முந்தாநாள் டெக்சாஸில் ஒரு படுகொலை நினைவுப் பலகை முன்னால் நின்று நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். "டூர் போன இடத்துல எழவு போர்டு முன்னாடி என்ன போட்டோ?" என்று கேட்ட புண்ணியவானுக்கு எத்தனை லைக்! சந்தோஷம்.

சரி, எழவு போர்டுதான். 15 பேரின் எழவு. மேற்கு டெக்சாஸில் மார்ஃபா என்கிற மாட்டுப்பண்ணை ஊரைத் தாண்டி, 90-ஆம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கிறது. தகடு வெயிலில் தகிக்கிறது, விரல் வைக்க முடியவில்லை. சுற்றிலும் கம்பிவேலி, காய்ந்த புல். ஈ காக்காய் இல்லை.

1918 ஜனவரி 28. மெக்சிகோ எல்லையான ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் மெக்சிக்க வம்சாவளிக்காரர்கள் வாழ்ந்த போர்வெனீர் என்ற குக்கிராமம். டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற மாநிலக் காவல்படையினரும் அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும், ராணுவக் குதிரைப்படை துணைக்கு வர, இருட்டில் புகுந்து ஆண்களையும் பையன்களையும் தனியே கூட்டிப்போய்ச் சுட்டார்கள். சின்னவனுக்கு 16, பெரியவருக்கு 72. முந்தின கிறிஸ்துமஸ் அன்று பிரைட் பண்ணையைக் கொள்ளையடித்ததில் இவர்களுக்கும் பங்கு என்று சந்தேகம். வெறும் சந்தேகம்! சுட்டவர்களில் ஒருத்தர் மேலும் கொலை வழக்கு இல்லை. மிச்சமிருந்த சனம் மெக்சிகோவுக்கு ஓட, ஊரே காலி. அதற்கு ஒரு பலகை நட நூறு வருஷம். அதுவும் 2018-இல் உள்ளூர் வரலாற்றுக் குழுவிலிருந்தே முட்டுக்கட்டை வந்து, எல்லாம் தாண்டி நவம்பரில்தான் திறந்தார்கள்.

"பண்ணைக்காரங்க தரப்பு?" என்கிறீர்கள். அந்தக் கொள்ளையில் தபால் வண்டிக்காரரும் பயணிகள் இருவரும் செத்தது உண்மை. அதற்கு இந்த 15 பேரா கணக்கு? டெக்சாஸில் பதினாறாயிரத்துக்கு மேல் வரலாற்றுப் பலகைகள் உண்டு. முன்னோடிகள், கோட்டைகள், பண்ணை முதலாளிகள் என்று வரிசையாக. அதில் ஒன்று, ஒன்றே ஒன்று உறுத்துகிறதா?

அப்புறம் அந்த இன்னொரு கேள்வி: "வந்தேறி, உனக்கென்ன?"

சொல்கிறேன். அதே மார்ஃபாவில் பிளாக்வெல் பள்ளி இருக்கிறது. மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கி 1965 வரை நடத்திய பள்ளி. 1954-இல் "ஸ்பானியம் பேச மாட்டேன்" என்று சீட்டில் எழுதவைத்து, அதைப் பெட்டியில் போட்டுப் புதைக்கவைத்தார்கள். நம்மூர்க்காரர் யாரும் இல்லையே என்பீர்கள். என் மகள் டேகேரில் "தண்ணி" கேட்டதற்கு, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்று எனக்குச் சீட்டு வந்தது. நல்லெண்ணத்தில்தானாம். அன்றைக்கு நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். நாமெல்லாம் அப்படித்தானே, பல்லைக் காட்டி, வீடு வாங்கி, பார்பிக்யூ போட்டு.

அதனால் அங்கே இறங்குவேன், படிப்பேன், படமும் போடுவேன். லாங் டிரைவ் மூட் கெடுகிறது என்பவர்கள் தாராளமாக அன்ஃப்ரெண்ட் செய்யலாம். ஒவ்வொருவராகத் தேடி ப்ளாக் பண்ண எனக்கு நேரமில்லை.