ராமேஸ்வரம் போகிற வழியில் ஒரு சுவர்

ராமேஸ்வரம் போகிற வண்டிகள் ராமநாதபுரத்தில் டீ குடிக்க நிற்கின்றன. ஊருக்குள்ளேயே இருக்கும் ராமலிங்க விலாசத்துக்கு அநேகம் பேர் போவதே இல்லை. இது எனக்குப் பல வருஷத்து ஆதங்கம்.

ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி அரசர்களின் அரண்மனை அது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்தது. உள்ளே நுழைந்தால் கோயிலுக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். மகாமண்டபம், அர்த்தமண்டபம், அதற்கும் உள்ளே கருவறை போல ஓர் அறை. சுவரெல்லாம் ஓவியம். பெரும்பாலானவை முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, அதாவது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

ராமாயணமும் பாகவதமும் இருக்கின்றன, சரி. அவற்றைக் கோயில்களிலும் பார்க்கலாம். என்னை நகரவிடாமல் நிறுத்தியது அந்த அரசர் தன் காலத்தையே வரையச் சொன்ன சுவர்தான். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் ஒரு பக்கம். ராஜராஜேஸ்வரி அம்மனிடமிருந்து சேதுபதி செங்கோல் வாங்குகிறார். இன்னோர் இடத்தில் ஐரோப்பியர்கள் அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள். எது என்ன காட்சி என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

நம் அரசர்கள் வரலாறு எழுதி வைக்கவில்லை என்று அடிக்கடி குறைப்படுகிறோம். இது வேறென்ன? அரசர் தோற்கிற காட்சியை அங்கே தேட முடியாதுதான். ஆனாலும் தன்னை எப்படிப் பார்க்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்பது 300 வருஷம் கழித்தும் நிறத்தோடு நிற்கிறது. அப்புறம், 1798இல் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இதே கட்டடத்தில்தான். ஜாக்சன் துரை என்றால் நமக்கு வசனம் ஞாபகம் வருகிறது, இடம் ஞாபகம் வருவதில்லை.

போன முறை ஓர் ஓவியத்தின் மேல் ஆணியால் கீறிய இரண்டு பெயர்களைப் பார்த்தேன். ஒரு குதிரையின் வயிற்றுக்குக் குறுக்கே போயிருந்தது அந்தக் கீறல். வயிறு எரிந்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம்தான், ஆனால் வருகிறவன் கையை யார் பிடிப்பது? தயவுசெய்து மேலே புதுச் சாயம் மட்டும் பூசிவிட வேண்டாம். மங்கியிருந்தாலும் பழைய கோடே போதும். பக்கத்தில் நின்று காட்சிகளை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இருந்தால் அதுவே பெரிய உபகாரம்.

அடுத்த தடவை ராமேஸ்வரம் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, "இதில் சேதுபதி யார், வெள்ளைக்காரர் யார், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள்.